கடலோடியின் சுதந்திரம்: ஓர் அறவியல் நோக்கு

சுதந்திரத்தை விளக்க முற்பட்டோர் காலந்தோறும் கடலையே உவமையாக எடுத்தாண்டு வந்துள்ளனர். வேலியும் வரம்பும் இல்லாத வெளி, காற்றன்றி ஏவுவார் இல்லாத பயணம், விரும்பிய திசைக்கு விரிக்கும் பாய் என்பன அவ்வுவமையின் உறுப்புகள். கடந்த நூற்றாண்டில் இவ்வுவமையையே தமது வாழ்க்கையாக்கிக்கொண்ட ஒரு சாரார் தோன்றினர். வீட்டையும் உத்தியோகத்தையும் துறந்து, பத்து அல்லது பன்னிரண்டு மீற்றர் நீளமான பாய்ப்படகொன்றையே இல்லமாகக் கொண்டு, அயனமண்டலத் தீவுகளிடையே ஆண்டுக்கணக்கிற் சுற்றித் திரிவோர் இவர்கள். வணிகமோ மீன்பிடியோ இவர்களைக் கடலுக்கு இட்டுச்செல்லவில்லை. நிலத்து வாழ்வின் கட்டுகளிலிருந்து விடுபடவேண்டும் என்ற வேட்கையே இட்டுச்சென்றது.

இவர்களின் தொகை சிறிது. எனினும், இவர்களின் வாழ்வு எழுப்பும் வினா பெரிது. இவர்கள் அடைந்த சுதந்திரம் எத்தகையது? அது எவற்றின்மீது நிலைபெற்றுள்ளது? அதன் விலையைச் செலுத்துவோர் யாவர்? இவ்வினாக்களை ஆராயுமிடத்துச் சுதந்திரம் பற்றிப் பொதுவாக நிலவும் கருத்துகள் சிலவும் மறுபரிசீலனைக்கு உள்ளாகின்றன.

படகும் உடையவனும்

சுதந்திரம் இருவகைப்படும் என்று ஐசாயா பேர்ளின் 1958 ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டில் நிகழ்த்திய உரையில் விளக்கினார். பிறர் தலையிடாதிருத்தல் ஒன்று. தன்னைத்தானே ஆளுதல் மற்றொன்று. கடலுக்குச் செல்பவன் முதலில் நாடுவது முன்னதையே. மேலதிகாரி இல்லை, அயலவன் இல்லை, மணியோசைக்கு எழவேண்டியதில்லை. இத்தகைய தலையீடின்மையைக் கடல் உண்மையிலேயே அளிக்கின்றது. ஆயின், துறைமுகத்தை விட்டுச் சில வாரங்கள் கழியுமுன்னரே அவன் வேறோர் எசமானனைக் காண்கின்றான். அந்த எசமானன் அவனுடைய படகே.

வெப்பக் கடலில் மிதக்கும் எப்பொருளையும் இயற்கை தன்பால் இழுத்துக்கொள்ள முனைகின்றது. சில வாரங்களிலேயே படகின் அடிப்புறத்திற் பாசி படர்கின்றது. அதன்மேற் கொட்டலசு முதலிய ஓட்டுயிர்கள் பற்றிக்கொள்கின்றன. படகின் வேகம் குன்றுகின்றது. மரத்தாலான அடிப்பலகையாயின், வெளியே ஊசித்துளையளவே காட்டி உள்ளே முழுவதையும் அரித்துவிடும் கடற்புழு காத்திருக்கின்றது. உருக்காலானதாயின் துரு. உப்புநீரில் அமிழ்ந்துள்ள இருவேறு உலோகங்கள் தம்முள் இணைந்திருப்பின் மின்கலம்போல் இயங்கி, அவற்றுள் ஒன்று கரைந்துபோகின்றது. இதனைத் தடுக்கவே நாகத்துண்டுகளைப் பொருத்தி, அவை கரையக் கரைய மாற்றிக்கொண்டிருக்கவேண்டும். சூரியனின் ஊதாக்கடந்த கதிர்கள் பாயின் துணியை விரைவாகவும் அதன் தையல் நூலை அதனினும் விரைவாகவும் நலிவிக்கின்றன. பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிகள் புறத்தே பளபளத்தாலும், அவற்றின் முனைப்பிணைப்புகளினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத வெடிப்புகள் தோன்றுகின்றன. கயிறு எங்கெங்கு உராய்கின்றதோ அங்கங்கு தேய்கின்றது. குடிநீரை அளந்து பருகவேண்டும். மழை பெய்யும்போது பாயை விரித்து நீர் சேர்க்கவேண்டும். நள்ளிரவிற் காற்றுத் திசைமாறினால் எழுந்து, நங்கூரம் பிடித்திருக்கின்றதா என்று பார்க்கவேண்டும்.

அழகிய இடங்களிலே படகைத் திருத்திக்கொண்டிருப்பதுதான் கடலோடி வாழ்க்கை என்பது இவர்களிடையே வழங்கும் ஒரு நகைமொழி. நகைமொழியாயினும் அது பொய்யன்று. பாய் விரித்துச் செல்லும் நாட்களிலும், சுரண்டியும் தைத்தும் பூசியும் முடிச்சிட்டும் கழியும் நாட்களே பல. கட்டுகளை அறுத்துக்கொண்டு புறப்பட்டவன் தன்னை அதனினும் இறுக்கமான கட்டொன்றில் அமர்த்திக்கொண்டான் எனின் அது மிகையன்று. அவ்வாறாயின் அவன் நாடிய சுதந்திரம் வெறும் மயக்கந்தானா?

அவ்வாறு முடிவுசெய்வது அவசரமாகும். சுதந்திரம் என்பது அவசியத்தை உணர்தலே என்னும் ஹெகலின் கருத்தை ஏங்கல்ஸ் தமது நூலொன்றில் எடுத்துரைத்தார். இயற்கை விதிகளிலிருந்து விடுபட்டதாகக் கனவு காண்பதன்று, அவ்விதிகளை அறிந்து அவற்றைத் தன் நோக்கத்துக்கு இயைவித்தலே சுதந்திரம் என்பது அதன் பொருள். கடலோடியின் நாளாந்த வாழ்வு இக்கருத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்போல் அமைகின்றது. காற்றுக்கு எதிராக நேரே செல்லமுடியாது என்பதை அறிந்தவனே, குறுக்கும் மறுக்குமாகப் பாய்மாற்றிச் சென்று காற்று வரும் திசையிலேயே முன்னேறுகின்றான்.

நிலத்தில் வாழ்பவனும் கட்டுண்டவனே. அவன் குழாயைத் திறக்க நீர் வருகின்றது; சுவரைத் தொட விளக்கு எரிகின்றது. அந்நீருக்கும் விளக்குக்கும் பின்னால் எத்தனையோ பேரின் உழைப்பு உள்ளது. அது கண்ணிற் படாமையினால் அவன் தன்னைத் தனியன் என்றும் சுதந்திரன் என்றும் கருதிக்கொள்கின்றான். கடலோடிக்கோ இவ்வசதி இல்லை. தன் வாழ்வு எதனாலே தாங்கப்படுகின்றது என்பதை அவன் நாள்தோறும் கையாலே தொட்டறிகின்றான். நாளைக்கு ஒத்திவைத்த வேலை நள்ளிரவுப் புயலிற் கணக்குக் கேட்கும். சாக்குப்போக்கு, பரிந்துரை, பதவி ஆகிய எவற்றையும் கடல் ஏற்றுக்கொள்வதில்லை. இந்நேர்மையே கடலோடி வாழ்வின் தலையாய அறப்பயன் எனலாம்.

பழைய கிரேக்கத்தின் தீசியசுக்குரிய கப்பல் பற்றிய புதிர் தத்துவ மாணவர் அனைவரும் அறிந்தது. உக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி முடிந்தபின், எஞ்சியிருப்பது அதே கப்பல்தானா என்பது புளூட்டாக் பதிவுசெய்த வினா. உலகைத் தனியொருவராகப் பாய்ப்படகிற் சுற்றிவந்த முதல் மனிதரான ஜோசுவா சுலோக்கம் இவ்வினாவைக் கையாற் சந்தித்தவர். மசசூசெற்ஸ் மாநிலத்தில் வயலொன்றிலே கைவிடப்பட்டுக் கிடந்த 'ஸ்பிறே' என்னும் பழம்படகை அவர் 13 மாத உழைப்பாலும் 553.62 டொலர் செலவாலும் ஏறத்தாழ முற்றாகவே மீளக் கட்டினார். 1895 இற் புறப்பட்டு 1898 இல் உலகை வலம்வந்து மீண்டார். பழையதை அடிப்படையாகக் கொண்டு படிப்படியாகத் திருத்தப்பட்ட கப்பல், முற்றும் புதிதான பின்னரும் பழைய பெயருக்கே உரியது என்ற கப்பற்காப்புறுதி மரபை அவர் தமது நூலிற் சுட்டிக்காட்டினார். தத்துவவாதிகள் கப்பலைப் பற்றி வினவினர். பலகையை மாற்றிய கைகளைப் பற்றி வினவியோர் அரியர். கப்பலின் தொடர்ச்சியை அதன் மரத்திலே தேடுவதிலும் அதனைப் பேணிய கைகளிலே தேடுவது பொருத்தமாகும். பேணப்படும்வரை அது அதே கப்பல். பேணல் நின்ற அன்று அது மரக்குவியல். ஆகவே, கடலோடியின் சுதந்திரத்தைத் தாங்கும் முதலாவது தூண் 'பேணல்' என்பது பெறப்படும். இத்தூணை அவன் தானே நாட்டித் தானே தாங்குகின்றான். இவ்வளவில் அவன் யாருக்கும் கடன்பட்டவனல்லன்.

நங்கூரம் எழுப்பும் வினா

எனினும் எந்தப் படகும் என்றென்றும் நடுக்கடலில் இருக்க இயலாது. நீரும் உணவும் தேவை. திருத்தும் வேலைக்கு அமைதியான நீர்ப்பரப்புத் தேவை. புயற்காலத்திற் புகலிடம் தேவை. தீவுகளை நாடியே இவ்வாழ்க்கை அமைகின்றது. பாய் விரிப்பதற்கு யாரிடமும் இசைவு வேண்டியதில்லை. நங்கூரம் இடுவதற்கோ ஒரு கரை வேண்டும். அக்கரை எப்போதும் யாரோ ஒருவருக்கு உரியது. கடலோடியின் சுதந்திரத்தைத் தாங்கும் இரண்டாவது தூண் இதுவே. இதனை அவன் நாட்டவில்லை.

கடல் எவருக்கும் உடைமையாகாது என்ற கோட்பாட்டைக் குரோசியஸ் 1609 இல் வெளிவந்த தமது நூலிலே நிறுவினார். மனிதகுலத்தின் பொது உரிமையாக அவர் அதனை உரைத்தாராயினும், அந்நூல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நலன் கருதி எழுந்தது என்பது வரலாறு. அக்கம்பனியே பின்னர் இலங்கையின் கரையோரங்களைக் கைப்பற்றிக் கறுவா வணிகத்தைத் தன் தனியுரிமையாக்கிப் பிறரை விலக்கியது. தனக்குத் திறந்த கடல், பிறருக்கு மூடிய கரை என்னும் இம்முரண்பாடு சுதந்திரக் கோட்பாடுகளின் வரலாற்றிலே திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது.

கான்ற் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1795 இல் நிலையான சமாதானம் பற்றி எழுதியபோது இவ்விடயத்தை நுணுக்கமாக அணுகினார். பூமி உருண்டை வடிவானது. மனிதர் அதன்மேல் எல்லையின்றிப் பரவிச் செல்லமுடியாது. ஆகவே ஒருவர் மற்றவரின் அருகிருப்பைப் பொறுத்தே ஆகவேண்டும். அந்நியனாய் வந்தவனைப் பகைவனாக நடத்தலாகாது. வந்து காணும் உரிமை அவனுக்கு உண்டு. தங்கி வாழும் உரிமையோ அவ்வாறு தானே கிடைப்பதன்று. அது கரையிலுள்ளோர் இசைந்து அளிக்கவேண்டியது. வருகையின் உரிமையையும் குடியிருப்பின் உரிமையையும் இவ்வாறு வேறுபடுத்தியதோடு, வருகை என்ற பெயரிற் பிறர் நாட்டை வென்றெடுத்த ஐரோப்பிய அரசுகளைக் கான்ற் கண்டிக்கவும் தவறவில்லை. கடலோடி வருகையாளன். கரையிலுள்ளோர் குடியிருப்போர். இவ்வேறுபாட்டை உணர்ந்து நடத்தலே கடலோடியின் முதற்கடமை.

தன் படகைப் பேணும் செயலே பிறர் கரைக்குக் கேடாவதும் உண்டு. பாசியும் கொட்டலசும் பற்றாதிருக்கப் பூசப்படும் வர்ணத்திலே வெள்ளீயச் சேர்மமொன்று கலக்கப்பட்டுவந்தது. படகின் அடி தூய்மையாக இருந்தது. ஆனால் அந்நஞ்சு நீரிற் கரைந்து, பிரான்சின் ஆர்க்காசோன் குடாவில் வளர்க்கப்பட்ட சிப்பிகளைக் குறைபாடுறச் செய்தது. பிரான்ஸ் 1982 இல் அதனைச் சிறு படகுகளுக்குத் தடைசெய்தது. பின்னர் 2001 இல் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கை 2008 இல் நடைமுறைக்கு வந்தது. நங்கூரச் சங்கிலியும் அத்தகையதே. படகை அது காக்கின்றது. காற்றுக்கேற்பப் படகு சுழலும்போது அடியிலுள்ள முருகைக்கல்லை அறுக்கின்றது. தன் படகின் விளிம்போடு நின்றுவிடும் பேணல் அறமாக நிறைவுபெறுவதில்லை என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உணர்த்தும்.

வெறுமையாக்கப்பட்ட தீவுகள்

இலங்கைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தொலைவில், இந்து சமுத்திரத்தின் நடுவே, சாகோஸ் தீவுக்கூட்டம் உள்ளது. மேற்கூறிய வினா அங்கே தன் கூர்மையான வடிவத்தை அடைகின்றது.

பேர்னார் மொய்த்தெசியே என்பவர் ஹனோயிற் பிறந்த பிரெஞ்சுக்காரர். கடலோடி வாழ்வின் தத்துவத்தை எழுத்தில் வடித்தோருள் முதன்மையானவர். 1952 இல் அவர் மரி தெரேஸ் என்னும் மரப்படகிலே தனியராகச் சோளகக் காற்றை எதிர்த்து வந்தபோது, தாம் நிற்கும் நெடுங்கோட்டைத் துல்லியமாகக் கணிக்க வசதியின்றி, சாகோசின் பெருந்தீவாகிய டியேகோ காசியாவின் முருகைக்கற்பாரில் மோதிப் படகை இழந்தார். அத்தீவு அப்போது மனிதர் வாழ்ந்த தீவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகளால் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர், மடகாஸ்கர் மக்கள் ஆகியோரின் வழித்தோன்றல்களும், பின்னர் இந்தியாவிலிருந்து சென்ற ஒப்பந்தத் தொழிலாளரின் வழித்தோன்றல்களும் அங்குத் தென்னந்தோட்டங்களிற் கொப்பறா உலர்த்தி வாழ்ந்தனர். அவர்களுக்கென ஒரு கிரியோல் மொழியும் தேவாலயமும் மயானமும் இருந்தன. யாவும் இழந்து கரையேறிய மொய்த்தெசியே அங்கிருந்து மொறீசியஸ் சென்றார். அங்கு மூன்றாண்டுகள் உழைத்து வேறொரு படகைக் கட்டிக்கொண்டு மீண்டும் கடலேறினார்.

அவர் உலகப் புகழ் பெற்றது பின்னொரு நிகழ்ச்சியினால். எங்கும் தரிக்காது உலகைத் தனியராகச் சுற்றும் போட்டியொன்றில் 1968 ஓகஸ்டிலே பிளிமத்திலிருந்து புறப்பட்ட அவர், பரிசு பெறும் வாய்ப்பு இருந்தும், 1969 மார்ச்சிலே போட்டியைக் கைவிட்டார். ஐரோப்பாவுக்குத் திரும்பாமல் மீண்டும் கிழக்கே செலுத்தி, அவ்வாண்டு ஜூனில் தாகித்தித் தீவை அடைந்தார். புகழையும் பணத்தையும் உதறித் தன் ஆன்மாவைக் காத்துக்கொண்ட செயலாக அது இன்றும் போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் தகும்.

அதே 1968 ஆம் ஆண்டிலேதான், மருத்துவத்துக்காகவும் உறவினரைக் காணவும் மொறீசியசுக்குச் சென்றிருந்த சாகோசியர், தம் தீவுக்குத் திரும்பக் கப்பலேற முற்பட்டபோது, இனித் திரும்ப முடியாது என்று தடுக்கப்பட்டனர். 1965 இல் பிரித்தானியா சாகோசை மொறீசியசிலிருந்து பிரித்துத் தனி ஆள்புலமாக்கி, ஐக்கிய அமெரிக்காவின் இராணுவத் தளத்துக்காக டியேகோ காசியாவை ஒதுக்கியிருந்தது. 1971 இல் டியேகோ காசியாவும், 1973 அளவில் ஏனைய தீவுகளும் வெறுமையாக்கப்பட்டன. மக்கள் வளர்த்த நாய்கள் கொல்லப்பட்டன. ஆயிரத்தைந்நூறுக்குக் குறையாத மக்கள் மொறீசியசிலும் சீசெல்சிலும் இறக்கிவிடப்பட்டனர். ஒருவன் தான் விரும்பிய தீவுக்குச் செல்லும் சுதந்திரத்தை உலகுக்கு எடுத்துக்காட்டிய அதே காலத்தில், ஒரு மக்கட்கூட்டம் தான் பிறந்த தீவுக்குச் செல்லும் சுதந்திரத்தை இழந்தது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே அறவியலுக்குரிய நெருக்கடியைத் தோற்றுவிக்கின்றது. இராணுவத் தளத்திலிருந்து தொலைவிலுள்ள சலோமோன், பெரோஸ் பானோஸ் என்னும் தீவுத்தொகுதிகளைப் பாய்ப்படகுக் கடலோடிகள் கண்டடைந்தனர். தெளிந்த நீர், புயலுக்கு மறைவு, காய்த்துக் குலுங்கும் தென்னைகள், பயன்படுத்துவாரற்ற கிணறுகள், யாருமில்லை. அக்காலத்திற் சிலர் மாதக்கணக்கில் அங்கே நங்கூரமிட்டு வாழ்ந்தனர். பொடாம் என்னும் தீவிலே இடிந்த வீடுகளிடையே ஒன்றுகூடி மகிழ்ந்தனர். பிற்காலத்தில் நிருவாகம் அனுமதிப்பத்திரமும் கட்டணமும் காலவரையறையும் விதித்தது. கடலோடி அனுமதி பெற்றுச் செல்லலாம். அக்கிணறுகளைத் தோண்டியோரின் பிள்ளைகளோ அங்குக் குடியிருக்கத் திரும்ப முடியாது. அத்தீவுகளை 'மனிதர் வாழாத் தீவுகள்' என்று கடலோடிகள் பலர் வருணித்தனர். வாழாமை இயற்கையன்று, அது செய்யப்பட்டது.

கடலோடியின் கடப்பாடு

இவ்விடத்து ஓர் எதிர்வாதம் எழுதல் இயல்பு. கடலோடி எவரையும் வெளியேற்றவில்லை. அரசுகள் செய்த தீங்குக்கு அவனைப் பொறுப்பாக்குதல் நீதியா? காற்றைக் கொண்டு செல்பவன், குறைந்த பொருளோடு வாழ்பவன், சுற்றுலா விடுதிகள் செய்யும் கேட்டில் நூறிலொரு பங்கும் செய்யாதவன் அல்லனோ அவன்? அவன் அங்கே நங்கூரமிடாது விட்டால் தீவினர் திரும்பிவிடுவரோ?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. குற்றம் வேறு, கடன் வேறு. குற்றம் செயலால் வருவது. கடன் பயனால் வருவது. பிறர் இழப்பினாலே தோன்றிய தனிமையை ஒருவன் அனுபவிக்கும்போது, அவ்விழப்பை உண்டாக்காதவனாயினும் அதற்குக் கடன்பட்டவனாகின்றான். அக்கடனின் முதல் தவணை அறிதல்: இக்கிணறு யாருடையது, இம்மயானத்தில் உறங்குவோர் யாவர் என்று அறிதல். இரண்டாவது, அறிந்ததை மறையாது உரைத்தல். மூன்றாவது, தனக்கு அளிக்கப்பட்ட அனுமதியைத் தன் உரிமையாகவும், தீவினர் கேட்கும் உரிமையை வெறும் சலுகையாகவும் கருதாதிருத்தல். படகின் அடியிலே ஊசித்துளையைத் தேடி அலையும் கண்களுக்கு இடிந்த தேவாலயம் மட்டும் புலப்படாதிருக்க நியாயமில்லை.

படகு யாவருக்கும் ஒரே சுதந்திரத்தை அளிப்பதில்லை என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் அத்தீவிலேயே உண்டு. 2021 ஒக்டோபரில், கனடாவை நோக்கிச் சென்று நடுவழியில் இடருற்ற மீன்பிடிப் படகொன்றிலிருந்த இலங்கைத் தமிழர் 89 பேர் டியேகோ காசியாவிற் கரைசேர்க்கப்பட்டனர். அவர்களுட் பலர் மூன்றாண்டுகளுக்கு மேலாக வேலியிடப்பட்ட கூடார முகாமில் வைக்கப்பட்டிருந்தனர். அது சட்டவிரோதமான தடுத்துவைப்பு என்று அவ்வாள்புலத்தின் நீதிமன்றமே 2024 டிசம்பரிலே தீர்ப்பளித்தது. அவர்களுட் பெரும்பாலோர் அம்மாதமே பிரித்தானியாவுக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். ஒரே கடல், ஒரே காற்று. ஆயின் ஒருவனின் படகு இல்லம் எனப்படுகின்றது, இன்னொருவனின் படகு அத்துமீறல் எனப்படுகின்றது. வேறுபாடு படகிலே இல்லை. கையிலுள்ள கடவுச்சீட்டிலே உள்ளது.

சாகோசைப் பிரித்தெடுத்தமையால் மொறீசியசின் குடியேற்ற நீக்கம் சட்டப்படி நிறைவுபெறவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 இல் ஆலோசனைக் கருத்து வழங்கியது. தீவுகளின் இறைமையை மொறீசியசுக்கு அளிக்கவும் டியேகோ காசியாத் தளத்தை 99 ஆண்டுக் குத்தகையிற் பேணவும் வகைசெய்யும் உடன்படிக்கையில் இரு அரசுகளும் 2025 மே மாதத்திற் கைச்சாத்திட்டன. அதன் ஆக்கத்திலே தம்மைக் கலந்தாலோசிக்கவில்லை என்று சாகோசியர் பலர் குறைகூறினர். கரையை உடையவரைக் கேளாது கரையைப் பற்றி முடிவுசெய்யும் பழக்கம் எளிதில் நீங்குவதன்று.

கடலோடி வாழ்வை இழித்துரைத்தல் இவ்வாய்வின் நோக்கமன்று. தன் கையால் தன்னைத் தாங்குதல், குறைவோடு நிறைதல், இயற்கையின் முன் பொய்யுரையாமை ஆகிய அதன் விழுமியங்கள் நிலத்தவரும் கற்கத்தக்கவை. அவ்விழுமியங்களுக்கு உயிராக உள்ள பேணல், படகின் விளிம்பைத் தாண்டிக் கரைக்கும் கரையினருக்கும் விரியவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

2006 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ நூறு சாகோசியர், பல்லாண்டுகளுக்குப் பின், ஒரு கப்பலில் அத்தீவுகளுக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். தங்கி வாழ அன்று. மூதாதையரின் கல்லறைகளைக் கண்டு திரும்புவதற்கு மட்டுமே. காடு மண்டிய மயானத்திலே அவர்கள் செடிகளை அகற்றிக் கற்களைத் துடைத்து மலர் வைத்தனர். அதுவும் பேணலே. படகைச் சுரண்டித் துடைக்கும் கடலோடிக்கு வாரக்கணக்கில் அனுமதி உண்டு; கல்லறையைத் துடைக்கும் மகளுக்குச் சில மணிநேரமே கிடைத்தது. இவ்விரு பேணல்களையும் ஒரே தராசில் இட்டு நிறுக்கும் நாள் வரும்வரை, கடல் சுதந்திரத்தின் உவமையாக நிறைவுபெறாது.